மகனின் தெரபிச் செலவும் மிச்சமிருக்கும் இரண்டு வளையல்களும்

நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று எட்டு மாதங்களுக்கு முன் தெரிந்தது. தனியார் மையம் ஒன்றில் வாரம் ஐந்து நாள் தெரபி. பேச்சுப் பயிற்சியும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியுமாக மாதம் 18,000 ரூபாய். கணவரின் சம்பளம் 32,000. நகையில் பாதி ஏற்கெனவே அடகில். தென் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். இந்தச் செலவுக்கு உதவும் அறக்கட்டளை எது, அது கிடைக்கும்வரை மிச்சமிருக்கும் இரண்டு வளையல்களையும் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுத்தில் இருக்கும் கேள்வி, "யார் பணம் தருவார்கள்?" என்பது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தபோது வேறொன்றுதான் எனக்குக் கேட்டது: இதை எத்தனை வருடம் கட்ட வேண்டியிருக்கும், ஒரு நாள் குறைத்தாலும் பிள்ளைக்குத் துரோகம் செய்தவள் ஆகிவிடுவேனோ என்ற பயம். இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். இரண்டாவதைத் தொடாமல் முதலாவதைத் தீர்க்க முடியாது.

என்னைப் பற்றி ஒரு வரி. மருத்துவமனை ஒன்றின் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்தேன். டாக்டரும் அல்ல, தெரபிஸ்ட்டும் அல்ல. டாக்டரின் அறையிலிருந்து வெளியே வரும் பெற்றோர், "அதெல்லாம் சரி, பணத்துக்கு என்ன செய்வது?" என்று கேட்கும் அடுத்த மேசை என்னுடையது. ஆகவே உங்கள் மகனுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தெரபி தேவை என்று நான் சொல்லக்கூடாது. அவனை நான் பார்த்ததும் இல்லை. காகிதம், அலுவலகம், பணம் இவற்றைப் பற்றி மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

முதலில் ஒரு கசப்பான செய்தி. மாதாமாதம் 18,000 ரூபாயை ஆண்டுக்கணக்கில் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் அறக்கட்டளை எதையும் என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. கொடுப்பவர்களுக்கு முடிவு தெரியும் செலவுதான் பிடிக்கும்: ஒரு அறுவை சிகிச்சை, ஒரு காதொலிக் கருவி, ஒரு சக்கர நாற்காலி. கொடுத்தோம், குழந்தை நடந்தது, புகைப்படம் எடுத்தோம் என்று முடிந்துவிடும். தெரபி அப்படி முடிவதில்லை. அதனால் உங்கள் வேலை ஒரு கொடையாளியைத் தேடுவது அல்ல. அந்தப் பதினெட்டாயிரத்தைத் துண்டு துண்டாக உடைத்து, எந்தத் துண்டை இலவசமாக மாற்றலாம், எதை வீட்டுக்குக் கொண்டுவரலாம், எதற்குத் திரும்பப் பணம் வாங்கலாம், கடைசியில் மிஞ்சுவதற்கு யாரிடம் கேட்கலாம் என்று பார்ப்பது. நான் பார்த்த குடும்பங்களில் தாக்குப்பிடித்தவை எல்லாம் இப்படிச் செய்தவைதான்.

நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தை இல்லை. சான்றிதழ். எட்டு மாதமாகியும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கவில்லை என்று ஊகிக்கிறேன். மாமியார் வேண்டாம் என்றிருக்கலாம். "சரியாகிவிடுவான், எதற்கு முத்திரை குத்துகிறாய்" என்று யாராவது சொல்லியிருக்கலாம். இந்தப் பேச்சை நூறு வீடுகளிலாவது கேட்டிருக்கிறேன், அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் நான் கீழே சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் திறக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது வாசல். ஆட்டிசத்தை அளக்க ஐசா என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். நாற்பது கேள்விகள் கொண்டது. கேள்விகளுக்குப் பதில் சொல்லப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். அங்கேதான் அம்மாக்கள் தவறு செய்கிறார்கள். அந்த அறையில் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராமல், "கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்", "சில நேரம் பேசுவான்" என்று நல்ல நாளை மட்டும் சொல்லிவிடுவார்கள். நல்ல நாளைச் சொல்லாதீர்கள், மோசமான நாளையும் சொல்லாதீர்கள். சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் ஸ்வாவ்லம்பன் என்ற மத்திய அரசின் இணையதளத்தில். சான்றிதழோடு யூடிஐடி என்கிற தனித்துவ அடையாள அட்டையும் வரும். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. யாராவது ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டால் அது தரகு. சிறு குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ் தருவது வழக்கம், குறித்த காலத்தில் மறுபடி மதிப்பிட்டுப் புதுப்பிக்க வேண்டும். அதை நீங்கள் ஆறுதலாகவே எடுத்துக்கொள்ளலாம்: இன்றைய நிலையைத்தான் எழுதுகிறார்கள், அவனுடைய தலையெழுத்தை அல்ல. அட்டையை எங்கே காட்டுவது, எங்கே காட்டாமல் இருப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.

இனி இலவசமாக மாற்றக்கூடிய துண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், ஆர்பிஎஸ்கே என்று சொல்வார்கள், பிறப்பு முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை, சிறு வயதிலேயே பயிற்சி தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, சுருக்கமாக டிஇஐசிக்கு, அனுப்புகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ "டிஇஐசி எங்கே?" என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே தெரபிக்குக் கட்டணம் கிடையாது. இது போக, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் எது எங்கே என்ற பட்டியல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருக்கும். உலக வங்கிக் கடனோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் திறந்துவருகிறார்கள். பள்ளிக் கல்வித் துறைப் பக்கம் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை சிகிச்சையாளரும் உண்டு. பள்ளி செல்லும் வயதில் அது உங்களுக்கு முக்கியமாகும்.

இதில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்று சொல்லிவிட வேண்டும். இந்தச் சேவைகள் இருப்பதும் அவை இலவசம் என்பதும் உறுதி. அங்கே வாரத்துக்கு எத்தனை நாள் கிடைக்கும், பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, குழந்தைக்கு முழுதாக நாற்பது நிமிடம் ஒதுக்குவார்களா என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அருமையாக நடக்கும் மையத்தையும் பார்த்திருக்கிறேன், பூட்டிய கதவையும் பார்த்திருக்கிறேன். ஆகவே தனியாரை உதறிவிட்டு அங்கே ஓடாதீர்கள். ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்து பாருங்கள். வாரம் இரண்டு நாள் அங்கே கிடைத்தால்கூட உங்கள் பதினெட்டாயிரத்தில் ஒரு பெரிய துண்டு கழன்றுவிடும்.

தூரம் போக முடிந்தால், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. 2021 ஜூனில் நாடு முழுவதும் 14 இடங்களில் மத்திய அரசு தொடங்கிய ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. தினமும் போக முடியாது. ஆனால் முழு மதிப்பீடு செய்து, வீட்டில் செய்யவேண்டியதை எழுதி வாங்கி வர ஏற்ற இடம். வேலூர் சி.எம்.சி.யில் 'நம்பிக்கை நிலையம்' என்ற பிரிவில் பெற்றோர் பிள்ளையோடு சில வாரங்கள் தங்கிப் பயிற்சி பெறும் முறை உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் கிராமங்களில் வீடு தேடிப் போய் ஆரம்பநிலைப் பயிற்சி தரும் பணியைச் செய்துவருகிறது. உங்கள் ஊர் அவர்கள் எல்லைக்குள் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய துண்டு. இதைச் சொல்லும்போது அம்மாக்களின் முகம் வாடும். "அப்படியானால் இனி நானே தெரபிஸ்ட்டா?" என்று ஒருவர் என்னிடம் சீறியிருக்கிறார், அவர் சீறியதில் நியாயம் இருந்தது. சமையலும் துணியும் போதாதென்று இதுவுமா? நான் சொல்வது அது அல்ல. வாரத்தில் ஐந்து மணி நேரம் ஒரு அறையில் அந்நியர் ஒருவரோடு இருக்கும் பிள்ளை, மற்ற நேரமெல்லாம் உங்களோடுதான் இருக்கிறான். அந்த நேரத்தில் பல் துலக்கும்போதும், சோறு ஊட்டும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் காத்திருப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்கிறேன். இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, அளவோடு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2016இல் வெளியானது. பட்டம் பெற்ற தெரபிஸ்டுகள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் 12 அமர்வுகளில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளைக்கு ஈடுகொடுக்கும் விதமும், பிள்ளை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் மேம்பட்டன. சிறிய ஆய்வு, எல்லா அளவுகளிலும் முன்னேற்றம் வந்ததாகவும் அது சொல்லவில்லை. தெரபிஸ்டே வேண்டாம் என்று இதை வைத்து யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் "வாரம் ஐந்து நாள் வராவிட்டால் வீணாகிவிடும்" என்று ஒரு மையம் சொன்னால் அதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது பொறுப்பாளரிடம் நேரம் கேட்டு உட்காருங்கள். இந்த மூன்று மாதத்தில் எதை எட்டப் பார்க்கிறீர்கள், எட்டியது எங்களுக்கு எப்படித் தெரியும், வீட்டில் நாங்கள் செய்யவேண்டியது என்ன, அமர்வு நடக்கும்போது நான் உள்ளே உட்காரலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "கூடாது" என்ற பதில் எப்போதும் வந்தால், காரணமும் சொல்லாவிட்டால், எனக்கு அந்த மையத்தின் மேல் நம்பிக்கை குறையும். சில பிள்ளைகள் அம்மாவைக் கண்டால் ஒத்துழைக்க மாட்டார்கள், அது உண்மைதான். அப்போதும் கடைசிப் பத்து நிமிடம் உள்ளே கூப்பிட்டுக் காட்டலாமே.

பணம் பேசும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. "கட்டணத்தைக் குறையுங்கள்" என்று கேட்டால் "முடியாது" என்பதுதான் பதில், அவர்களுக்கும் வாடகை இருக்கிறது. "எங்களால் மாதம் ஏழாயிரம்தான் முடியும். அதற்குள் இவனுக்கு எது முக்கியம், எப்படி அமைக்கலாம்?" என்று கேளுங்கள். தெரபிஸ்ட் நல்லவராக இருந்தால் வாரம் இரண்டு நாளும் வீட்டுப் பயிற்சித் தாளும் என்று ஒரு வழி சொல்வார். சில மையங்களில் வருமானத்துக்கேற்ற கட்டணம் உண்டு, ஆனால் பலகையில் எழுதிப் போட மாட்டார்கள். பேச்சு-கேட்பியல் படிப்பு நடத்தும் கல்லூரிகளின் வெளிநோயாளர் பிரிவில் மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் பயிற்சி தருவார்கள், கட்டணம் மிகக் குறைவாக இருக்கும். மாணவர் என்று தயங்காதீர்கள். அந்த அறையில் மேற்பார்வை அதிகம்.

இப்போது திரும்பப் பணம் வரும் வழி. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்காக மட்டும் வந்தது. அதன் கீழ் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சேர்க்கும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. கட்டணம் சில நூறு ரூபாய்தான். வேறு எந்தக் காப்பீட்டிலும் அபூர்வமாக இருக்கும் ஒன்று இதில் உண்டு: தெரபிச் செலவும் வெளிநோயாளர் செலவும் அடங்கும். ஆனால் ஒரு லட்சமும் தெரபிக்குக் கிடைக்காது. தெரபிக்கென்று தனி உள்வரம்பு இருக்கிறது, அது உங்கள் ஓரிரு மாதச் செலவுக்குத்தான் வரும். இதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். பலர் ஒரு லட்சம் என்று நம்பி ஏமாந்து, அடுத்த வருடம் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும்.

நிராமயாவில் பணம் வராமல் தடைபடுவது பெரும்பாலும் ரசீதில்தான். இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் நச்சரிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் எழுதிய பரிந்துரைச் சீட்டு வேண்டும், அதில் எந்தத் தெரபி, வாரத்துக்கு எத்தனை என்று இருக்க வேண்டும். ரசீதில் பிள்ளையின் பெயர், தேதிகள், தெரபிஸ்டின் பெயர், முத்திரை, பதிவு எண் வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் போன்றோர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் தரத் தயங்கும் தெரபிஸ்டிடம் பணத்தை மட்டுமல்ல, பிள்ளையையும் கொடுக்கத் தயங்குங்கள். இன்னொன்று: சிறு கருவியில் வழவழப்பான தாளில் அடித்துத் தரும் ரசீது சில மாதங்களில் வெளிறிப்போகும். ஒரு தகப்பனார் ஒரு வருட ரசீதையும் கோர்த்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார், எல்லாம் வெள்ளைத் தாள். அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

மற்றக் காப்பீடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் கணவரின் சம்பளத்துக்கு அது பொருந்தாது, பொருந்தினாலும் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. தனியார் காப்பீட்டில், மனநோய்க்கும் உடல்நோய்க்கும் பாகுபாடு கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரியில் நிறுவனங்களுக்கு உத்தரவும் போட்டது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஆனால் படுக்கையில் சேராமல் வாராவாரம் போய்வரும் தெரபிக்கு அந்தப் பாலிசிகளில் பணம் வாங்கிய குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. கணவரின் நிறுவனத்தில் குழுக் காப்பீடு இருந்தால் மட்டும், மனிதவளப் பிரிவில் "வெளிநோயாளர் பலன் உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

வரிச் சலுகை பற்றிப் பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வருமான வரிச் சட்டத்தில் 80டிடி என்று இத்தனை காலம் வழங்கிவந்த பிரிவில், குறைபாடுள்ள பிள்ளையைப் பராமரிப்பவருக்கு வருமானத்தில் 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தால் மட்டும். உங்கள் கணவரின் ஆண்டுச் சம்பளம் நான்கு லட்சத்துக்கும் குறைவு. வரியே இல்லாத இடத்தில் வரிச் சலுகையால் என்ன பயன்? பிள்ளையின் தாய்மாமா நல்ல சம்பளக்காரர் என்றால் அவர் கணக்கில் காட்டலாமா என்று அடுத்துத் தோன்றும். முடியாது, தன் பிள்ளை, மனைவி அல்லது கணவர், பெற்றோர், உடன்பிறந்தோர் என்பதோடு அந்தப் பட்டியல் நின்றுவிடுகிறது. உங்களைவிட அதிகச் சம்பளம் வாங்கும் பெற்றோர் இதைப் படித்தால் ஆடிட்டரிடம் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். மத்திய அரசு ஊழியராக இருந்தால் குழந்தைக் கல்விப்படி மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இரட்டிப்பு.

மாநில அரசு தரும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு எனச் சில பிரிவுகளுக்கே அது பொருந்தும். உங்கள் மகனின் சான்றிதழில் எது எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் விண்ணப்பிக்க முடியும். நல அலுவலகத்துக்குப் போகும்போது பஸ் சலுகையையும் கேளுங்கள். பயிற்சி மையத்துக்குப் போய்வர இலவசப் பயண அட்டை தருகிறார்கள். சின்ன விஷயமாகத் தோன்றும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதம் இருபது நாள் இருவர் போய்வரும் பஸ் செலவு எவ்வளவு என்று. அலுவலகத்தில் இழுத்தடித்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். ஒரே கோரிக்கைதான் இருக்க வேண்டும். குடும்பக் கதை முழுவதையும் எழுதிய மனு எந்தத் துறைக்கு அனுப்புவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அவன் பள்ளியில் சேரும் வயது நெருங்குகிறது, அதையும் பணக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளிகள் ஒதுக்கவேண்டிய 25 சதவீத இடங்களுக்கு, 2012இல் வந்த திருத்தத்துக்குப் பின் குறைபாடுள்ள பிள்ளைகளும் உரியவர்கள். 40 சதவீதச் சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியாக இருக்கிறது. பள்ளிக் கட்டணம் மிச்சமாவதும் தெரபிக்குக் கிடைத்த உதவிதான்.

இதற்கெல்லாம் பிறகு மிஞ்சும் தொகைக்குத்தான் அறக்கட்டளை. அப்போது உங்கள் கையில் வேறு ஒரு கோரிக்கை இருக்கும். "மகனுக்கு ஆட்டிசம், உதவுங்கள்" என்று அல்ல. "ஆறு மாதப் பேச்சுப் பயிற்சி, வாரம் இரண்டு, மொத்தம் இவ்வளவு, இதில் பாதி எங்கள் பங்கு, மீதிக்கு உதவி வேண்டும், பணத்தை மையத்தின் கணக்கிலேயே செலுத்துங்கள்" என்று. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் இப்படிப்பட்ட கோரிக்கையைப் படிப்பார்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி தனிக் குடும்பத்துக்கு நேராக வருவது அரிது, தொண்டு நிறுவனம் வழியாகத்தான் வரும்; ஆகவே மையத்திடமே "உங்களுக்கு அப்படி நிதி ஏதாவது வருகிறதா?" என்று கேளுங்கள். இந்தப் பகுதி முழுவதும் நிச்சயமில்லாதது. நான் எழுதிக்கொடுத்த கடிதங்களில் பதில் வராதவையே அதிகம்.

இணையத்தில் நிதி திரட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். மாதாமாதம் ஆகும் செலவுக்கு அது ஒத்துவராது. அதோடு அழும் நான்கு வயதுப் பிள்ளையின் முகம் அவன் பதினெட்டு வயதிலும் இணையத்தில் இருக்கும். அப்படித் திரட்டிய பணம் ஸ்டெம் செல் ஊசிக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைப்பதும் விளம்பரப்படுத்துவதும் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. முழுதாகக் குணமாக்குகிறேன் என்று சொல்பவர் எவராக இருந்தாலும் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். வாரம் ஐந்தை மூன்றாக்கினால் பிள்ளை கெட்டுப்போவானா? அவனை அறிந்த டாக்டரிடம்தான் இதைக் கேட்க வேண்டும், மையத்திடம் மட்டும் கேட்காதீர்கள். அவர்களுக்கு இதில் பணம் இருக்கிறது. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். எல்லாவற்றையும் விற்று இரண்டு வருடம் முழு வேகத்தில் போய், பிறகு ஒரேயடியாக நிறுத்திய குடும்பங்கள் பல. அந்த நிறுத்தம் பிள்ளைகளை உலுக்கியது. வீட்டில் கடன் சண்டை இன்னும் உலுக்கியது. வாரம் இரண்டு நாள் என்று தொடங்கி ஆறு வருடம் விடாமல் போனவர்களும் இருந்தார்கள். இது ஆய்வு அல்ல, ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தது.

வளையல்கள் பற்றி: இந்த மாதம் வேண்டாம். முடிவு தெரியாத மாதச் செலவுக்கு நகையை வைத்தால் வட்டி கட்டவே அடுத்த நகை தேவைப்படும். இந்த வாரம் யூடிஐடி விண்ணப்பம், அடுத்த வாரம் டிஇஐசியில் ஒரு நாள், அதற்கடுத்து மையத்தில் அந்த ஏழாயிரம் ரூபாய்ப் பேச்சு. மூன்றும் முடிந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட பயிற்சி அவசியம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால், அதற்கு மட்டும் ஒரு வளையலை வையுங்கள், மீட்கும் தேதியையும் அன்றே குறித்துக்கொண்டு. இன்னொன்று கையிலேயே இருக்கட்டும்.